தலையில்லாமல் வந்த கோழி

தைபே
பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் நாள்

அன்பு மகள் ரோலானுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் மழைக்கு முணுமுணுக்கிறது. நீயும் நீ ஊசி போடும் மாடுகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே ஒரு வாரமாக விடாத தூறல், துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்திலிருந்து காலையும் மாலையும் தண்ணீரை எடுத்துக் கொட்டுகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை நன்றாக இருக்கிறது, கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன். அங்கே இப்போது வெயில் காலம், தொப்பி இல்லாமல் பண்ணையில் நிற்காதே. பக்கத்து வீட்டு லியாவ் அம்மா உன்னை விசாரித்தாள், "டாக்டருக்குப் படிச்ச பொண்ணுன்னு சொன்னே, மாட்டுக்கா பாக்கறா?" என்று இன்னும் கேட்கிறாள், "மாடு எதிர்த்துப் பேசாது, அதான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் எங்கள் 'படகுத்துறை' பத்திரிகையின் வருடக் கடைசி விருந்து. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பத்திரிகை மூடினால் உன்னிடம் வந்துவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, அந்த நாள் வந்துவிட்டது என்றுதான் இந்த வருடம் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். விளம்பரம் குறைந்து பக்கங்களும் குறைந்துவிட்டன. அரசியலும் பொருளாதாரமும் படிக்கிற கூட்டத்துக்கு நரைத்துவிட்டது, இளசுகள் எல்லாம் ஃபோனில் படம் பார்க்கிறார்கள். முதலாளி குவோ ஐயாவுக்கு எண்பது ஆகப்போகிறது, காது மந்தம், மகன்கள் இருவருக்கும் பத்திரிகை என்றாலே வேப்பங்காய். ஆகவே கோழியின் அலகு யாரைப் பார்க்கப்போகிறது என்பதே பதினைந்து நாளாக ஆபீஸில் பேச்சு. உனக்குத்தான் தெரியுமே, முழுக் கோழி மேஜைக்கு வரும்போது அது யாரைப் பார்க்கிறதோ அவருக்கு அடுத்த வருடம் வேலை கிடையாது. குவோ ஐயா வருடா வருடம் மேஜை நடுவே உள்ள சுழல் தட்டைத் திருப்பி அதைத் தன் பக்கம் பார்க்க வைத்து, "என்னைத் தூக்குங்கப்பா, வீட்ல போய்த் தூங்கறேன்" என்பார், எல்லோரும் சிரித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவோம்.

முந்தாநாள் பன்றி இறைச்சி வைத்த பன் வந்தது, மீன் வந்தது, பரிசுக் குலுக்கலில் கணக்குப் பார்க்கும் சென்னுக்கு அரிசி வேக வைக்கும் குக்கர் விழுந்தது, அதன் பிறகு கோழி வந்தது. தலையைக் காணோம். கழுத்து மொட்டையாக, மேலே ஒரு கொத்தமல்லிக் கொத்து. எல்லோரும் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் பிழைப்பு என்னவென்று உனக்குத் தெரியும், யார் எந்த வரிசையில் நின்றார், யார் பெயர் செய்தியில் விடுபட்டது என்று பார்த்துப் பார்த்து நாட்டு நடப்பைச் சொல்கிறவர்கள். அதில் அரசியல் பக்கம் பார்க்கும் பான் பெரிய கை. ஒருமுறை மரம் நடும் விழாப் படத்தில் ஒரு அமைச்சர் இல்லை என்பதை வைத்து, அவர் கதை முடிந்தது என்று இரண்டு பக்கம் தீட்டினான், அந்த மனிதருக்கு அன்றைக்குப் பல் பிடுங்கியிருந்தார்களாம். அந்த இரண்டு பக்கத்தையும் திருத்தி 'சரி' போட்டவள் நான்தான். அந்தப் பான் என் காதருகே குனிந்து, "அலகு இருந்தா ஒருத்தருக்குத்தான் வேலை போகும். தலையே இல்லேன்னா என்னக்கா அர்த்தம்? மொத்தமா இழுத்து மூடறாங்க" என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது. பேச்சு மேஜையைச் சுற்றி வந்துவிட்டது, அட்டைப்படம் போடும் டிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சென் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு, நாளையிலேருந்து வீட்லதானே சமையல்" என்றான். குவோ ஐயாவுக்கு எதுவும் காதில் விழவில்லை, கோழித் தொடையை ரசித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

பான் கோப்பையோடு எழுந்து, இத்தனை காலம் எங்களுக்குச் சோறு போட்டீர்கள், உண்மையை எழுத விட்டீர்கள் என்று பேசி முடித்தான். குவோ ஐயா காதில் கையை வைத்துக்கொண்டு, "யாருப்பா போறது? எங்கே போறீங்க?" என்றார். பான் கோழியைக் காட்டினான். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று, புரிந்ததும் மேஜையில் ஓங்கித் தட்டினார். "அட மடப்பசங்களா! போன வருஷம் தட்டைத் திருப்பறப்ப கை நழுவி அது டிங்கைப் பாத்துருச்சு, பொண்ணு ஒரு வாய் சாப்பிடலே. அதான் இந்தத் தடவை தலையே வேணாம், நிம்மதியா சாப்பிடட்டும்னு ஹோட்டல்காரன்கிட்ட சொன்னேன். பத்திரிகை எங்கேயும் போகலே. என் பசங்ககிட்ட சண்டை போட்டு இன்னும் ரெண்டு வருஷம் வாங்கியிருக்கேன்" என்றார். ஒரே கைதட்டல், சிரிப்பு, டிங் பானின் முதுகில் குத்தினாள்.

நானும் தட்டினேன் ரோலான், ஆனால் சந்தோஷம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கோழி வந்ததற்கும் அவர் மேஜையைத் தட்டியதற்கும் இடையில் நான் பூந்தொட்டிகளை லியாவ் அம்மாவிடம் கொடுத்து, வீட்டைப் பூட்டி, விமானம் ஏறி, உன் சமையலறையில் உப்பு போதவில்லை என்று உன்னோடு சண்டையும் போட ஆரம்பித்திருந்தேன். அவ்வளவும் ஒரே நொடியில் இல்லையென்று ஆகிவிட்டது. பத்திரிகைக்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய்யென்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "அந்தத் தலை அடுப்படியில இருக்கா?" என்றேன். "இருக்கும்மா, சூப்புக்கு எடுத்து வச்சிருக்கோம்" என்று ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்தாள். அலகு என்னைப் பார்க்கிற மாதிரி என் முன்னால் வைத்துக்கொண்டேன்.

குவோ ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஃபாங், விளையாடாதே" என்றார். விளையாடவில்லை, மகளிடம் போகிறேன் என்று அவர் காதில் கத்தினேன், பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நான் எழுதின தலையங்கத்தையெல்லாம் முப்பது வருஷமா அடிச்சு அடிச்சுக் கிழிச்சியே, உன்னோட இந்த ஒரு முடிவை மட்டும் நான் அடிச்சுடறேனே" என்றார். கூடாது என்றேன். சரி, வசந்த இதழை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லி எனக்குச் சோள மதுவை அவரே ஊற்றினார், பாதி மேஜையில் கொட்டியது. பான் மட்டும், "அக்கா, இதுக்குப் பின்னாடி வேற என்ன இருக்கு?" என்று இன்றைக்கும் துருவிக்கொண்டிருக்கிறான்.

இனி உன் விஷயம். நிலாப் பண்டிகைக்குப் பேசும்போதெல்லாம் "எப்பம்மா வர்றே?" என்று கேட்பாய், இந்த வருடம் நீ கேட்கவில்லை. கேட்டு அலுத்துவிட்டாளா, வீட்டில் வேறு யாரும் வந்துவிட்டார்களா, அம்மா இல்லாமலே பழகிவிட்டாளா என்று நானும் பான் மாதிரி உட்கார்ந்து அர்த்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உன்னைக் கேட்காமலே வேலையை வேறு விட்டிருக்கிறேன், அது என் பாடு, அதற்காக நீ சங்கடப்பட வேண்டாம். ஃபோனில் கேட்டால் உன் குரலில் எதையாவது தேடுவேன், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்: நான் வரட்டுமா?

எல்லா நலமும் பெற்று நீ நீண்ட நாள் இருக்க வேண்டும், புது வருடம் உனக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மாட்டுக்குப் பின்னால் நிற்காதே. வா என்றால் வா என்று எழுது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே, அதற்கும் நான் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிடுவேன்.

என்றும் உன்,
அம்மா