வெடித்த வேப்பம்பலகை

ஜோத்பூர்
மார்கழி 5

அன்புள்ள அப்பாவுக்கு உலகம்மாள் வணக்கம். கோமதியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் அம்மா பக்கத்திலிருந்து கேட்டுப் பயப்படுவாள் என்றுதான் எழுதுகிறேன்.

பூஜைக்கு உட்கார நீங்கள் ஆசாரியிடம் செய்து வாங்கிக் கொடுத்த வேப்பம்பலகை வெடித்துவிட்டது. சகுனம் ஒன்றுமில்லை. இந்த ஊர்க் காற்றில் ஈரமே கிடையாது. ஆடியில் வெட்டிய பச்சை மரம் அவசரமாகக் காய்ந்துவிட்டது. வாராவாரம் அளந்து நோட்டில் குறித்தேன். அகலத்தில் கால் அங்குலம் குறைந்திருக்கிறது, நீளம் அப்படியே இருக்கிறது. விரிசலில் நம் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அடைத்தேன். அதுவும் காய்ந்து உதிர்ந்தது.

புதுவீட்டு வாசல்நிலையும் அதே மரம்தானே? தையில் வைக்க வேண்டாம் அப்பா. பங்குனி வெயிலில் அதுவும் வெடித்தால் அம்மா மனசு ஒடிந்துபோவாள். முனைகளில் சாணி பூசி நிழலில் அடுக்குங்கள், ஒரு வருஷம் போகட்டும். ஆசாரியையும் கேட்டுப்பாருங்கள்.

பலகை வெடித்த மத்தியானம், அந்தச் சத்தத்தை யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஓடிப்போய்த் திறந்தேன். வேலை முடிந்து வந்த உங்கள் மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, இங்கன நம்ம வீட்டுக்கு யாரு வாரா?" என்று சிரித்தார்.

புற்றுமண் தீர்ந்துவிட்டது. தபாலில் போட்டால் சிந்திவிடும். மரம் காயும்வரை அங்கே உங்களுக்கு வேலை இல்லையே, நீங்களே கொண்டுவாருங்கள். குக்கர் கத்துகிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
உலகம்மாள்