பெரிய வெள்ளியன்று காயப்போட்ட துணி

கொட்டாஞ்சேனை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்து, கோயிலுக்கு நடக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்திருக்கிறேன்: இனி என் உடுப்புகளை அறைக்குள்ளேயே காயப்போடுவேன்.

விவாகரத்தான ஐம்பது வயதுக்காரியான எனக்குத் தன் வீட்டில் அறை தந்து, வேலையும் தேடித் தந்த பிறிஜெற், பெரிய வெள்ளியன்று மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது வழுக்கி விழுந்து இறந்தாள் என்று எழுதியிருந்தேன். அவள் கணவர் மெல்ரோய் அப்படித்தான் சொன்னார். ஆனால் யேசு இறந்த நாளில் துணி தோய்ப்பது பாவம் என்று, அன்று காலை என் வாளியைக்கூட ஒளித்து வைத்தவள் அவள்.

இதைப் பொலிசில் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பாவம் செஞ்சதாலதான் வழுக்கியிருக்கு, மிஸ்" என்றார். விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

மாலையில் மெல்ரோய் எனக்குப் பாலில்லாத பிளேன்ரீ கொண்டுவந்தார். "பொலிசுக்கெல்லாம் ஏன் அலையிறீங்க அக்கா? மாடிப் பக்கமும் போகாதீங்க, வழுக்கும்." அக்கறையான மனிதர்.

வெள்ளவத்தையில் அறை கேட்டுப் பார்த்தேன். தனிப் பெண்ணுக்குக் கொடுப்பதில்லையாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் முருங்கையிலைப் பொடியும், நம் சாமான் அறைக் கதவின் உட்பக்கக் கொண்டியும் கொடுத்துவிடுங்கள். ஆணிகளையும் மறக்க வேண்டாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சாந்தரூபி

பி.கு: பிறிஜெற்றிடம் இருந்த என் அறைப் பூட்டின் மற்றத் திறப்பு இப்போது மெல்ரோயிடம் இருக்கிறது.