காண்டா அழுத்திய கழுத்து

அண்ணி,

இன்று வகுப்பில் ஒரு மாணவி கழுத்துப் பிடிப்புக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தாள். நான் பலகையில் மூளையை வரைந்து, காய்ச்சல் எப்படி உண்டாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. எனக்குத்தான் உடம்புக்கு முடியவில்லை என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

அது தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய நம் லயத்து வீட்டு வாடை. கோல சிலாங்கூர் தோட்டங்களில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த எண்பதுகள். அண்ணன் லோரியிலிருந்து விழுந்து கால் உடைந்து கிடந்தார். மிச்சமிருந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போக நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். வேலைக்கு ஆள் வராத வீட்டைத் தோட்ட நிர்வாகம் திருப்பிக் கேட்கும். லயத்தில் காய்ச்சல் பரவியிருந்த சமயம் வேறு. விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே, வேலை வாங்கும் மண்டோர் ஒவ்வொருவர் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால் வீட்டுக்கு அனுப்புவார், உங்கள் மரங்கள் வேறு ஆளுக்குப் போய்விடும்.

உங்களுக்கும் காய்ச்சல் வந்தது. நீங்கள்தான் பெரிய சாமர்த்தியக்காரியாயிற்றே! எழுந்ததும் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிடுவீர்கள். பெரட்டுக்குப் போவதற்குள் மேல் குளிர்ந்துவிடும்.

"சூடு இல்லலா, போ போ," என்பார் மண்டோர்.

"இன்னைக்கு ஒருநாளு போவாத புள்ள," என்று அண்ணன் கெஞ்சினார்.

"நான் போவலன்னா யாரு போறது? ஒங்க கட்டுப்போட்ட காலா?" என்று சிரித்தீர்கள். சிரிக்கும்போது கழுத்து திரும்பவில்லை. விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"காண்டா அழுத்திருச்சு, வேற ஒண்ணுமில்ல," என்றீர்கள். நாங்களும் நம்பினோம். காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற ஊரில், கழுத்து வலிக்காத பெண் யார்? அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து, உங்கள் பிடரியில் தைலம் தேய்த்துவிட்டார். தொட்டால் சூடு இல்லை, அதனால் நோயும் இல்லை. லயம் முழுக்க அதுதான் கணக்கு.

அதைத்தான் இப்போது பாடமாக நடத்துகிறேன். கிருமி புகுந்ததும் உடம்பில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. மூளையின் அடியில் சில நரம்பணுக்களில் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. அது போய் ஒட்டியதும் அணுவுக்குள் செய்தி இறங்குகிறது, உடம்பு சூடேறுகிறது. மாத்திரை அந்தப் பொருளைச் சுரக்கவிடாது. ஏற்பிகள் சும்மா கிடக்கும், மேல் குளிர்ந்துபோகும். கிருமியை அது தொடுவதே இல்லை. உங்கள் மூளை உறையில் கிருமி தன் பாட்டுக்குப் பெருகிக் கழுத்தை விறைக்கவைத்துக்கொண்டிருந்தது, அண்ணி. நீங்கள் வாளி தூக்கிக்கொண்டிருந்தீர்கள்.

மரத்தடியில் வலிப்பு வந்து விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள், தாமதமாகிவிட்டது என்றார்கள். மறுநாள் காலை அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உங்கள் நெற்றியைத் தொட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"காய்ச்சல் விட்டுருச்சு," என்றார் என்னிடம். "தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு."

நான் தொட்டேன். உங்கள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நர்ஸைக் கூப்பிடப் போனேன்.

வீட்டையும் நிர்வாகம் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த மண்டோரின் புறங்கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் சாமர்த்தியத்தின் மேலும் எனக்குக் கோபம்தான்.

இன்று வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணை நிறுத்தி, "தலையைக் குனிந்து தாடையை நெஞ்சில் தொடு, பார்க்கலாம்," என்றேன். அவள் விழித்தாள். ராத்திரி தலையணை சரியில்லை டீச்சர் என்றாள். என் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பழக்கம். காய்ச்சல் என்றால் நான் நெற்றியைத் தொடுவதில்லை, குனியத்தான் சொல்வேன். அவளும் குனிந்தாள். தாடை நெஞ்சில் பட்ட பிறகுதான் அவளைப் போகவிட்டேன்.