பழுதில்லாத நாற்பத்து மூன்று பேர்

கடலடி அகழ்வுக்கூடம் 4. எழுதுபவர்: எலும்பாய்வாளர் இசக்கியம்மாள். கண்டெடுப்பவருக்கு.

நாள் 11, காலை 07:10
காற்றழுத்தம் சரி. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய துறைமுக ஊரின் இடுகுழி இது. ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு பூசி மூடியிருந்தார்கள். நேற்று உடைத்தேன். உள்ளே நாற்பத்து மூன்று பேர். பக்கத்துக் குழிகளில் எல்லாரும் சீக்காளிகள்: தொழுநோய் அரித்த விரல்கள், காசம் தின்ற முதுகெலும்பு, பஞ்சத்தைச் சொல்லும் பற்கோடுகள். இந்தக் குழியில் ஒரு கீறல்கூட இல்லை.

நாள் 11, மாலை 16:40
ஸ்கேனர் மறுபடி படுத்துவிட்டது. வந்த நாளிலிருந்து மாற்றுக் கேட்கிறேன். இயக்குநர் பொன்னுலிங்கம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. துண்டுகளைப் பழைய வழியில் பிரித்தேன். நாக்கில் வைத்தால் எலும்பு ஒட்டும், கல் ஒட்டாது. விதிப்படி குற்றம். விதி எழுதியவன் வந்து பிரிக்கட்டும்.

நாள் 12, காலை 09:05
கரையிலிருந்து பொன்னுலிங்கம்: "ஏம்மா, அத்தன பேரும் திடகாத்திரமாமே! 'நோயறியா முன்னோர்'னு பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. எலும்பையெல்லாம் பெட்டியில ஏத்தி வைங்க. மந்திரி பாக்கணுமாம்."

நோயறியா முன்னோராம்! கைக்குழந்தை முதல் கிழவர் வரை, நடுவில் ஒரு பிடி மண் இல்லாமல், ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். வெட்டுக்காயம் இல்லை. திடகாத்திரமானவர்கள் ஏன் ஒரே நாளில் செத்தார்கள்? இந்த ஆளுக்குத் தெரிந்த எலும்பு ஆட்டெலும்பு மட்டும்தான்.

நாள் 12, பிற்பகல் 13:20
காய்ச்சல். இருமினால் ரத்தம்.

புரிந்துவிட்டது. நானும் முட்டாள்தான். நோய் எலும்பில் தடம் பதிக்க மாதங்கள் வேண்டும், வருடங்கள் வேண்டும். அரித்த எலும்புக்காரர்கள் நோயோடு வாழ்ந்தவர்கள். இவர்களுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. அந்தச் சுண்ணாம்பு பிணங்களுக்காகப் பூசியதல்ல. அவர்களைக் கொன்றது வெளியே வரக்கூடாதென்று பூசியது. அதை உடைத்து, எலும்பை நாக்கில் வைத்தவள் நான்.

நாள் 12, மாலை 15:00
பொன்னுலிங்கத்திடம் சொன்னேன். பதில்: "காய்ச்சலுக்கு மாத்திரை போடுங்க. கத விடாதீங்க. நீங்க ஏத்தலைன்னா எங்க ஆளுங்க எறங்கி ஏத்துவாங்க. ஆறு பேரு கெளம்பியாச்சு."

ஆறு பேர். அவர்கள் கரைக்குத் திரும்பினால் ஊர் முழுக்க.

நாள் 12, மாலை 17:45
தளம் போட வைத்திருந்த சிமெண்டைக் குழைத்துக் கதவை உள்ளிருந்து பூசுகிறேன். அந்தக் காலத்துக் கொத்தனார் வெளியே நின்று பூசினார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பயமாக இருக்கிறது. தரையில் சிந்தியதையும் வழித்துப் பூசுகிறேன்.

நேரம் தெரியவில்லை
தட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில்: "இசக்கியம்மா, தொறங்க. மந்திரி லைன்ல இருக்காரு."

போடா.

துளை போடும் சத்தம். பூச்சு இன்னும் ஈரம். முதுகைக் கொடுத்து நிற்கிறேன்.

கண்டெடுப்பவரே, இங்கே நாற்பத்து நான்கு பேர். என் எலும்பிலும் தடம் இருக்காது. திடகாத்திரமானவள் என்று எழுதிவிடாதே. இதைப் படிக்கிறாய் என்றால் பூச்சை உடைத்துவிட்டாய். வெளியே போகாதே. மூலையில் இரண்டு மூட்டை சிமெண்ட் மிச்சம் வைத்திருக்கிறேன். கதவை உள்ளிருந்து