துணிப் பெட்டியின் காற்றுக் குழாய்

9 ஜூலை 1963, செவ்வாய்

ஐந்தாம் நாளாக மழை. இன்று இருந்தவர்கள்: நான், மகன் சேவியர், மருமகள் ரோசலின், அவள் தம்பி அந்தோணி, பெட்டி தூக்கி வந்த இரண்டு கூலிக்காரர், படியில் நின்று பார்த்த கீழ்வீட்டு பர்மாக்காரி டோ கின் யீ.

சேவியர் ஆபீஸ் வெள்ளைக்காரர் ஊருக்கே போகிறார். துணி காயவைக்கும் கரண்டுப் பெட்டியை இவனுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் பசுந்தாங் பேட்டையில் வேறு யார் வீட்டிலும் இல்லை என்று ரோசலினுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தோணிக்கு மில்லில் கரண்டு வேலை. சூடும் ஈரமும் வெளியே போகத் தகரக் குழாய் வேண்டுமாம். குட்டையாக, வளைவில்லாமல், சுவரைத் தாண்டி முடிய வேண்டும். வாயில் வலை கட்டக்கூடாது, பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் சல்லடைப் பஞ்சை வழிக்க வேண்டும். எல்லாம் சரி. ஓட்டை போட்டது முன்சுவரில். நேர் கீழே கின் யீ வாசல். பின்சந்துப் பக்கம் போடு என்றேன். அதற்கு மூன்று வளைவு வரும், ஆகாது என்றான். பெட்டியையே பின்னறைக்கு நகர்த்தலாமே. கிழவி சொல்லை யார் கேட்டார்கள்.

12, வெள்ளி

மழை. போர்வை கூடக் காய்ந்தது. பஞ்சு ஒரு கைப்பிடி, நான்தான் வழித்தேன்.

கின் யீ வரவில்லை. நேற்றும் இல்லை. பகலில் எல்லாரும் வேலைக்குப் போனபின் பதினொரு மணிக்கு லப்பே தட்டோடு ஏறி வருவாள். தேயிலை ஊறுகாய், வறுத்த பருப்பு, ஊர் வம்பு. குண்டு விழுந்த வருஷம் ஒரே குழியில் பதுங்கியதிலிருந்து இருபத்திரண்டு வருஷம்.

15, திங்கள்

நானே இறங்கிப் போனேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் புருஷன் காலையில் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவர் தலையில் எங்கள் கைலிகள் காயும் குழாய்க் காற்று. பெண்பிள்ளை உடுத்திய தமேன் கைலிக்குக் கீழே ஆண்பிள்ளை போனால் அவன் மேன்மை போய்விடும் என்பது இவர்கள் வழக்கம். இத்தனை வருஷத்தில் நான் என் கைலியை இடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டதில்லை.

"தெரியாதவ செஞ்சா பரவால்ல, மா மேரி. உனக்குத் தெரியும்" என்றாள் பர்மியில்.

சாயங்காலம் சேவியரிடம் சொன்னேன். பெட்டி பின்னறைக்குப் போகட்டும், அதுவரை பெண்கள் துணி போட வேண்டாம். ரோசலின் சிரித்தாள். "நான் பாத்துக்கறேன்மா" என்றான்.

18, வியாழன்

மழை. பெட்டியில் துணி இரண்டு ஓட்டம் ஓடியும் ஈரம். சுவரெல்லாம் வேர்வை. பெட்டி பழசு என்கிறாள் ரோசலின். கீழே சரிசெய்துவிட்டேன் என்கிறான் சேவியர். அப்படியும் கின் யீ வரவில்லை.

20, சனி

பத்து மணி. தனியாக இருந்தேன். விரிப்பு போட்டேன். கருகல் நாற்றம், பெட்டிக்குப் பின்னால் புகை. கத்தினேன். கின் யீதான் ஓடி வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள், குழாயைக் கழற்றினாள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. குழாய் வாயில் கோணிச் சாக்கு திணித்திருந்தது. பின்னால் கருகிய பஞ்சு.

"யார் அடைச்சது இத?"

சேவியர் மோட்டா அரிசிக்கு வைத்திருந்த சாக்கு அது. பார்த்ததுமே தெரிந்தது. தெரியாது என்றேன். பெற்ற வாய்.

கையில் தேங்காயெண்ணெய் தடவினேன். "என் புருஷன் தலைக்காக உன்னையே கொளுத்திக்கப் பாத்தியா?" என்று சிரித்தாள். அரைமணி நேரம் இருந்தாள். நாளைக்கு வருகிறேன் என்றாள்.

21, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். தூறல். பதினொன்று. பன்னிரண்டு. வரவில்லை.

ரோசலின்தான் சொன்னாள். நேற்று சாயங்காலம் சேவியர் கீழே போய், அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அவங்கதான் சாக்கை அடைச்சுட்டாங்க என்று சொல்லியிருக்கிறான். கின் யீ முன்னால். நான் தெரியாது என்று சொன்ன அதே கின் யீ முன்னால்.

இறங்கிப் போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

அந்தோணி முரடன், ஆனால் அடைக்காதே என்று சொன்னவன். மன்னித்தாயிற்று. ரோசலின் சிரித்ததையும் விடுகிறேன். கின் யீ மேல் கோபமே இல்லை.

சேவியரை மன்னிக்க மாட்டேன்.