அந்தப் பெயருக்குக் கீழே

வாசகசாலை வாசலில் புதுப் பெயின்ட் வாசனை. கதவு நிலைக்கு மேலிருக்கும் பெயரை இன்று மறுபடி கறுப்பாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து உன் இரங்கல் கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதுகிறேன். நாள் எழுதியாயிற்று. ‘இடம்’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

நிலை தாழ்வு. குனியாமல் யாரும் நுழைய முடியாது. பண்ணைக்காரர்கள் கட்டிக் கொடுத்த கட்டடம்; அவர்களுடைய முன்னோர் ஒருவரின் பெயர். சித்தூர் கல்லூரியிலிருந்து நாம் இருவரும் சேர்ந்து இங்கே வந்த முதல் மாலை, நான் குனிந்து உள்ளே போனேன். நீ வெளியே நின்றாய்.

“அந்தாளு எங்க பாட்டனுக்குப் பாட்டன ரெண்டு காளையோட சேத்து வித்தவன்டா. அவம் பேருக்குக் கீழ நான் குனியறதா?”

“அப்பறம் எப்படிப் படிப்ப?”

“உனக்குக் கை இருக்குதல்ல? நீட்டு.”

நீட்டினேன். மூன்று வருடம், கிழக்கு ஜன்னல் கம்பி வழியே. தடித்த நாவல்கள் கம்பிக்குள் நுழையவில்லை. இரண்டாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

பிறகு, பெயரை மாற்றச் சொல்லி மனு கொடுத்தாய். கமிட்டி கூடிய அன்றும் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றாய்.

தலைவர் சொன்னார்: “செத்தவரோட என்னங்க வழக்கு?”

“செத்தது அவருங்க. பேரு கதவு மேலயே உக்காந்திருக்குதுங்களே.”

யாரோ சிரித்தார்கள். மாற்ற வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் தலைவர். ஒரு கையும் எழவில்லை. நான் காரியதரிசி, குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். இடது கை சும்மாதான் இருந்தது.

மறுநாளும் பத்திரிகைக்காக ஜன்னலுக்கு வந்தாய்.

“ஏன்டா, நேத்து கை வலிச்சுதாக்கும்?”

அவ்வளவுதான் கேட்டாய். பத்திரிகையை வாங்கிக்கொண்டாய். திட்டியிருக்கலாம்.

போன மாதக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். “மழ வருதுங்க, கூட்டத்த உள்ளயே வெச்சுக்கலாம். படமும் மாட்டிப்போடலாம்” என்கிறார் தலைவர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் உன் படம் பெரியது. அந்த நிலையைத் தாண்ட அதையும் சாய்க்க வேண்டும்.

எழுதிவிட்டேன். இடம்: வாசகசாலைக்கு வெளியே, கிழக்கு ஜன்னலடி.

யார் வருவார்கள் என்று தெரியவில்லை. நான் மட்டும் நிற்கும்படியும் ஆகலாம். ஒரு நாவலின் இரண்டாம் பாதி, நீ வாங்கிப் போகாதது, என் பையிலேயே இருக்கிறது. அதோடு, கம்பிக்கு உன் பக்கத்தில் நிற்பேன்.