பேச்சியக்காவின் கடைசிக் கூடை

கார்த்திகை 6, வியாழன்

அதலைக்காய் குட்டிப் பாகற்காய் மாதிரி இருக்கும்; வெளியில் வைத்தால் மறுநாளே வெடித்து விதையைக் கக்கிவிடும். சின்னத் துளை போட்ட கவரில் அடைத்துக் குளிர் அறையில் வைத்தால் பத்து நாளானாலும் பச்சை மாறாது. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

இன்று மாலை பேச்சியக்காவின் மகள் எங்கள் காய்கறிக் கிடங்குக்கு வந்தாள். கரிசல்காட்டில் எங்களுக்குக் காய் பறித்துத் தந்தவர் பேச்சியக்கா. காட்டிலேயே பாம்பு கடித்து, செத்து ஆறு நாளாகிறது.

"நாளைக்கு அம்மாவுக்குப் படையல்ண்ணே. அதலக்காய்னா அதுக்கு உசுரு. மழையில காட்டுக்குள்ள காலு வைக்க முடியல. இருந்தாக் கொஞ்சம் குடுங்க."

சாவுக்கு முந்தின நாள் அக்கா கொண்டுவந்த கூடை நினைவுக்கு வந்தது. அதிலிருந்து கட்டிய பாக்கெட்டுகள் குளிர் அறையில் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து வந்தேன்.

"உங்கம்மா பறிச்சதுதான் தாயி. காசெல்லாம் வேணாம்."

பெருமையாகத்தான் கொடுத்தேன். தினமும் காலையில் பழைய பாக்கெட்டுகளுக்குப் புதுத் தேதி ஸ்டிக்கர் ஒட்டுவதும் நான்தான். அது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

கவரில் படிந்த ஈரத்தை அவள் முந்தானையால் துடைத்தாள். ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இன்னைக்குப் பறிச்சதுன்னு போட்டிருக்கே, அண்ணே."

சண்டைக்குக் கேட்கவில்லை. ஒரு நொடி அதை நம்பிவிட்டவள் மாதிரி என் முகத்தையே பார்த்தாள்.